வாயு வந்ததற்குச் சாட்சி

திருவொற்றியூர்
5.9.2008

யசோதரா டீச்சருக்கு,

இன்றைக்கு ஆசிரியர் தினமாம். பட்டறைக்கு வரும் வழியெல்லாம் பிள்ளைகள் ரோஜாப்பூவும் கையுமாகப் போகிறார்கள். என் மகன் மொஹ்சின் கண் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். மற்ற பிள்ளைகள் உங்களுக்குப் பூ கொடுப்பார்கள். அவன் இடது கண்ணைக் கொடுத்திருக்கிறான்.

நான் எட்டாவது வரை படித்தவன். கேஸ் வெல்டிங் பட்டறை வைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. கார்பைட் கல்லில் தண்ணீர் பட்டால் கேஸ் வரும், அந்த கேஸில் நெருப்பு வைத்தால் எரியும். அதை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கல்லோடு என்ன வேலை? நீங்கள் சொல்லாமல் அவன் தொட்டிருப்பானா?

பாடம் நடத்தச் சொன்னால் நீங்கள் இன்டர்நெட்டில் இருந்து படம் கொண்டுவந்து டிவியில் போடுகிறீர்கள். அது போதாதென்று பிள்ளைகளையே செல்போனில் படம் எடுத்துவரச் சொல்லி யூடியூபில் ஏற்றுகிறீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்திலேயே உங்களுக்கு 'சினிமா டீச்சர்' என்று பேராமே. சும்மாவா வைத்தார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் எண்ணூருக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவன் தனியாகப் பட்டறையைத் திறந்து, பெயின்ட் டின்னில் கல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தீக்குச்சி கிழித்திருக்கிறான். டின் வெடித்து, உள்ளே இருந்த சுண்ணாம்புச் சேறு கண்ணில் அடித்துவிட்டது. உங்கள் வீடியோவுக்காகச் செய்தேன் என்று அவன் வாயாலேயே சொன்னான். அதை அப்படியே தாளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 24ஆம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மரியாதையாக உங்கள் தப்பை ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போய்விடுங்கள். இல்லையென்றால் போலீஸில் எழுதிக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் மனைவி மலிகா உங்கள் கையைப் பிடித்து வார்டுக்கு வெளியே தள்ளினாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

பதில் எழுதுவதானால் பட்டறை முகவரிக்கு எழுதுங்கள். வீட்டுக்கு எழுத வேண்டாம். போனும் செய்ய வேண்டாம்.

மஜீது


வியாசர்பாடி
8.9.2008

மஜீது பாய் அவர்களுக்கு,

முதலில் மொஹ்சினுக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். உங்கள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, போன் செய்யக் கூடாது என்று பள்ளியிலும் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஒரு அறை இருக்கிறது. அதில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சோதனைக் குழாய்கூடக் கிடையாது. அதனால்தான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வீடியோக்களை இறக்கி, சிடியில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். யாரோ வெள்ளைக்காரர் எங்கேயோ செய்வதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். உங்கள் தெருவிலும் வேதியியல் இருக்கிறது, அதைப் படமெடுத்து வாருங்கள் என்று சொன்ன நாளிலிருந்துதான் அந்த வகுப்பில் கேள்வி கேட்கும் சத்தம் எழுந்தது. ஒருத்தி காசிமேட்டில் துருப்பிடித்த நங்கூரச் சங்கிலியை எடுத்து வந்தாள். மொஹ்சின் உங்கள் பட்டறையை எடுத்து வந்தான்.

அவனுடைய முதல் வீடியோவில் கல்லும் தண்ணீரும் குமிழியும் இருந்தன. நான்தான் குறை சொன்னேன். "வாயு கண்ணுக்குத் தெரியாதேடா, அது வந்ததற்கு என்ன சாட்சி? பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி மறுபடி எடுத்து வா" என்றேன். ஒரு குழாயைச் சோப்புத் தண்ணீரில் விட்டு நுரை எழுவதைக் காட்டுவான் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர வாய்விட்டுச் சொல்லவில்லை. வெல்டிங் பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கு கேஸ் வந்ததற்குச் சாட்சி என்றால் நெருப்புதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. விசாரணையில் நீங்கள் கேட்காமலேயே இதைச் சொல்லுவேன்.

ஆனால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. யூடியூபில் இருக்கும் வகுப்புப் பக்கத்தின் கடவுச்சொல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மொஹ்சின் பெயரில் ஒரு வீடியோ அங்கே ஏறியிருந்தது. சேதி கேட்ட அன்று மாலையே அதைப் பார்த்தேன். பிள்ளை டின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறான். கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒரு கை தீக்குச்சியோடு நீளுகிறது. ஒரு குரலும் கேட்கிறது: "தள்ளி நில்லுடா. அத்தா கொளுத்துறேன், நீ பாட்டுக்குப் பேசிகினே இரு."

இதைத் தாளாளரிடம் எழுதிக் கொடுத்தீர்களா?

யசோதரா


திருவொற்றியூர்
11.9.2008

டீச்சருக்கு,

என்ன, மிரட்டுகிறீர்களா?

உங்கள் கடிதம் கிடைத்த கையோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உங்கள் வகுப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லித் தேடினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்றிய வீடியோவைக் காணோம். கடை நடத்தும் பக்ருதீனிடம் கேட்டேன். "பாய், அத ஏத்துனவங்கதான் எடுக்க முடியும். நான் கை வெக்கல" என்கிறார். ஏற்றிய பிள்ளை கட்டோடு படுத்திருக்கிறான். அப்படியானால் நீங்கள்தான் எடுத்திருக்கிறீர்கள். எடுத்துச் சிடியில் எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். 24ஆம் தேதி தாளாளர் முன்னால் அதே டிவியில் போட்டுக் காட்டப் போகிறீர்கள், அதுதானே திட்டம்?

போட்டுக்கொள்ளுங்கள். காலையில் நான் கூட இருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை கேட்டான், ஒரு குச்சி கிழித்துக் காட்டினேன். அப்போது ஒன்றும் ஆகவில்லையே. காலையில் இருந்தேன் என்றால் மதியமும் இருந்தேன் என்று ஆகிவிடுமா? மதியம் நடந்ததற்கு எந்த வீடியோவும் கிடையாது. என் செல்போன் அங்கேயே கீழே விழுந்து நொறுங்கிவிட்டது.

சொல்லிவிடுகிறேன், அந்தச் சிடி வெளியே வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். பொம்பளை டீச்சர் என்று பார்க்க மாட்டேன். நோன்பு மாதம் என்பதால் வார்த்தையை அடக்கி எழுதுகிறேன்.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். கறுப்பு விழி வெள்ளையாகிவிட்டது. டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரிகிறது என்கிறான், ஆள் தெரியவில்லை என்கிறான். ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மஜீது

என் செல்போன் எப்படி அங்கே விழுந்தது என்று கேட்பீர்கள். பிள்ளை எடுத்துப் போயிருந்தான்.


வியாசர்பாடி
15.9.2008

மஜீது பாய் அவர்களுக்கு,

செல்போன் எப்படி அங்கே வந்தது என்று நான் கேட்கவே இல்லை. நீங்களாகத்தான் பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

போன வாரமே என்னை வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிவியையும் டிவிடி பிளேயரையும் உடைந்த பெஞ்சு அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நான் ஆசிரியர் அறையில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். "ஒழுங்கா போர்டுல எழுதிப் போட்டிருந்தா இந்த பேஜாரு வந்திருக்குமாம்மா?" என்று பக்தவச்சலம் சார் என் காதில் விழும்படியே பேசுகிறார். அவர் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவார்கள். தூங்குகிற பிள்ளைக்கு எந்த விபத்தும் நடப்பதில்லை.

நான் இன்னும் நிரந்தரம் ஆகாதவள். 24ஆம் தேதி அவர்கள் போகச் சொன்னால் போக வேண்டியதுதான். எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் டீச்சர் வேலைக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் டிபன் கட்டிக் கொடுக்கும்போது "இன்னிக்கு இன்னா படம் காட்டப் போற?" என்று கேட்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது?

சிடி இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நான் தூங்காமல் கிடப்பது போல நீங்களும் கொஞ்ச நாள் கிடந்து பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. தலைமையாசிரியர் ஆஸ்பத்திரிக்குப் போய் மொஹ்சினை விசாரித்தார். மூன்று முறை கேட்டும் மூன்று முறையும் 'நான் மட்டும்தான் இருந்தேன்' என்றே சொன்னானாம். பாய், நான் அந்தப் பிள்ளையை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் தானே எழுந்து நின்று எழுதவில்லை என்று சொல்கிற பிள்ளை அவன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு அவன் யாருக்காக இந்தப் பொய்யைச் சொல்கிறான்?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

யசோதரா


திருவொற்றியூர்
18.9.2008

டீச்சர் அவர்களுக்கு,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

மொஹ்சின் தன் முதல் வீடியோவை பக்ருதீன் கடையில் எனக்குக் காட்டினான். சிங்கப்பூரில் இருந்து யாரோ பார்த்துவிட்டு 'தம்பி அருமை' என்று எழுதியிருந்தார்கள். என் பட்டறை அது. மழை பெய்தால் ஒழுகும், வேனிலில் நெருப்பாய்க் கொதிக்கும். அதை யாரும் நின்று பார்த்ததில்லை. கார்பைட் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். சிங்கப்பூர்க்காரன் பார்த்துவிட்டு அருமை என்கிறான். எனக்குத் தலைகால் புரியவில்லை டீச்சர்.

நீங்கள் சாட்சி கேட்டதாக மொஹ்சின் வந்து சொன்னான். கேஸ் வந்ததற்கு நெருப்பை விட வேறு சாட்சி எனக்குத் தெரியாது. பட்டறையில் தினமும் அப்படித்தானே பார்க்கிறோம். காலையில் திறந்த டின்னில் கொஞ்சமாகப் போட்டு எரித்தோம். கொண்டுபோய் ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் பகல் வெளிச்சத்தில் நெருப்பு தெரியவே இல்லை. "இன்னா அத்தா, ஒண்ணுமே தெரியல, டீச்சர் மறுபடி திருப்பி அனுப்பும்" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். "வாடா, பெருசா காட்டலாம்" என்று நான்தான் கூட்டிப் போனேன்.

டின்னுக்கு மூடி போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, நிறையக் கல்லைப் போட்டேன். ஓட்டை வழியாகச் சுடர் உயரமாக எழும் என்று கணக்கு. உள்ளே காற்றும் கேஸும் கலந்து நிற்கும், உடனே நெருப்பு வைத்தால் வெடிக்கும். எனக்கு அது தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவன் அப்படிச் செய்தால் அறைந்திருப்பேன். ஆனால் அன்றைக்கு என் ஒரு கையில் போன் இருந்தது. டின்னைப் பார்க்காமல் போனில் தெரிந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குச்சியை நீட்டிவிட்டேன்.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போகும்போது கண்ணைப் பொத்திக்கொண்டே சொன்னான்: "அத்தா, நீ எண்ணூருக்குப் போய்ட்டன்னு சொல்லிடு. அம்மா உன்ன சும்மா வுடாது." நான் சரி என்றேன். அந்தச் சரியைத்தான் இன்றைக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு திரிகிறேன்.

மலிகாவை உங்களுக்குத் தெரியாது. என் கையிலும் நெஞ்சிலும் நெருப்புத் தழும்பு இல்லாத இடம் குறைவு. மொஹ்சின் பிறந்த அன்றே, "இந்தப் புள்ள பட்டறைப் பக்கம் காலு வெக்கக் கூடாது" என்று என்னிடம் வாக்கு வாங்கியவள் அவள். விஷயம் தெரிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

அந்தச் சிடியைக் கொடுத்துவிடுங்கள். போலீஸுக்குப் போக மாட்டேன், ஆணையிட்டுச் சொல்கிறேன். உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

மஜீது


வியாசர்பாடி
20.9.2008

மஜீது பாய் அவர்களுக்கு,

சிடி என்று எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வீடியோவைப் பார்த்த உடனே அழித்துவிட்டேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. உங்களைக் காப்பாற்ற அழித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் ஞாபகமே எனக்கு வரவில்லை. மறுநாள் காலை வகுப்பில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு டின்னைத் தூக்கிவிடுவார்களே என்ற பதற்றம்தான். அது என்னைக் காப்பாற்றும் சாட்சி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தியில் பட்டது. அப்போது அது போய்விட்டிருந்தது.

இதை நான் முன்பே சொல்லியிருக்கலாம். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் வார்டில் தலையைக் குனிந்து நின்றீர்கள் அல்லவா, அந்தக் கோபம். கொஞ்சம் பயப்படட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

புதன்கிழமை விசாரணையில் நான் சொல்லப் போவது இதுதான். சாட்சி வேண்டும் என்று கேட்டேன், எப்படி என்று சொல்லவில்லை, ஆபத்தான பொருள் என்று தெரிந்தும் கூடப் போய் நிற்கவில்லை. உங்கள் பெயரை எடுக்க மாட்டேன். ஆனால் கூட யாராவது இருந்தார்களா என்று கேட்டால் பையன் தனியாக இருந்தான் என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்ததற்கு உங்கள் கடிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை, அதை யாரிடமும் காட்ட மாட்டேன், அவ்வளவுதான்.

உங்களைப் பிடித்து வைத்திருந்த கயிறு என்று ஒன்றுமே இல்லை பாய். இனி நீங்கள் என்ன சொன்னாலும் ஊர் நம்பும். என் வேலை போகும், உங்கள் வீடு நிற்கும். நம் இருவரைத் தவிர ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்மை தெரியும். அவன் தன் அப்பாவுக்காகப் பொய்யை ஒவ்வொரு நாளும் மாத்திரை மாதிரி விழுங்கிக்கொண்டிருப்பான். அவனை நான் வகுப்பில் இனி பார்க்கப் போவதில்லை. நீங்கள்தான் தினமும் பார்க்க வேண்டும்.

யசோதரா


திருவொற்றியூர்
26.9.2008

யசோதரா டீச்சர் அவர்களுக்கு,

புதன்கிழமை நான் விசாரணைக்கு வராதது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட கேட் வரைக்கும் வந்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. எதிரில் டீக்கடை மறைவில் நின்று நீங்கள் வெளியே வருவதைப் பார்த்தேன். உங்கள் கையில் ஒரு துணிப்பை இருந்தது, அதில் சாக்பீஸ் டப்பாவும் சிடிகளும் துருத்திக்கொண்டு தெரிந்தன. யாரும் உங்களை வழியனுப்ப வரவில்லை. போகச் சொல்லிவிட்டார்கள் என்று பியூனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாப் பழியையும் நீங்களே ஏற்றுக்கொண்டதாகவும், "கூட ஆரு இருந்தாங்கன்னு பையன் வூட்டுல கேளுங்க" என்று மட்டும் சொன்னதாகவும் அவர் சொன்னார். யாரும் என் வீட்டில் வந்து கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு அவசியமும் இல்லை. ஆள் கிடைத்துவிட்டதே.

நேற்றுப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியில் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். பக்கத்துக் கடை யேசுதாஸிடம் கேமரா போனைக் கடன் வாங்கினேன். "புடிடா, நான் பேசுறேன், நீ எடு" என்றேன். ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பிடித்தான்.  

நான் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினேன். என் பேர் மஜீது, மொஹ்சினுடைய அத்தா என்று ஆரம்பித்தேன். கார்பைட் டின்னுக்கு மூடி போடக் கூடாது, கேஸ் வந்ததா என்று நெருப்பு வைத்துப் பார்க்கக் கூடாது, சோப்புத் தண்ணீர் போதும் என்று செய்து காட்டினேன். அன்றைக்கு மூடி போட்டதும் குச்சி கிழித்ததும் நான்தான் என்றும் சொன்னேன். டீச்சர் சோப்பு நுரையை நினைத்தார், நான் நெருப்பை நினைத்தேன் என்று சொல்லி முடித்தேன். வெட்டாமல் அப்படியே வகுப்புப் பக்கத்தில் ஏற்றச் சொன்னேன். கடவுச்சொல் மொஹ்சினுக்குத் தெரியுமே. இன்று காலை அதைச் சிடியில் எழுதித் தாளாளர் மேசையில் வைத்துவிட்டு, நான் கொடுத்த புகாரில் இருந்த பொய்யையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சிடியை எடுத்து அலமாரியில் வைத்தார். உங்களைத் திரும்பக் கூப்பிடுவாரா என்று தெரியாது. கூப்பிடும் வரைக்கும் தினமும் போய் நிற்பேன்.

ஆனால் யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, இன்று மாலை, அதே போனில் மலிகாவுக்குக் காட்டிவிட்டேன். ஊர் பார்த்து அவளுக்குத் தெரியக் கூடாது. நோன்பு திறக்கும் நேரம். கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். பழத்தைத் தட்டில் வைத்துவிட்டாள். பட்டறையைப் பற்றி வாங்கிய வாக்கைக் கேட்பாள், கண்ணைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு: "அந்தப் பொண்ணு கையைப் புடிச்சித் தள்ளுனேனே, பக்கத்துலதான நின்னுகினு இருந்த? ஒரு வார்த்த வந்துச்சா உன் வாயில?"

 பையில் துணியை எடுத்து வைத்தாள். மீஞ்சூருக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். மொஹ்சினைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "டீச்சர் வூடு எங்க கீது?" என்று கேட்டாள். வியாசர்பாடி முகவரியை எழுதிக் கொடுத்தேன். இருட்டிவிட்டது, காலையில் போ என்று மொஹ்சின்தான் சொல்லி நிறுத்தி வைத்தான். அங்கிருந்து மீஞ்சூருக்குப் போவாளா, என் வீட்டுக்குத் திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

விடிந்ததும் அவளும் மொஹ்சினும் உங்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கையில் சேர வேண்டும். தபாலில் போட்டால் பிந்திவிடும். யேசுதாஸ் வியாசர்பாடிப் பக்கம்தான் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நிறையக் கேட்பாள் டீச்சர். காலையில் என்ன நடந்தது, மதியம் என்ன நடந்தது, நான் உங்களுக்கு என்னவெல்லாம் எழுதினேன் என்று துருவித் துருவிக் கேட்பாள். என் கடிதங்களை வைத்திருந்தால் அவளிடமே கொடுத்துவிடுங்கள். எனக்காக எதையும் மறைக்காதீர்கள்.

மஜீது